முதல் தாள் வரவில்லை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை அந்த உடைந்ததிலேயே உட்கார்ந்துகொண்டு ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாயா?

போனை எடுத்தால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நம் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி நின்றுபோகின்றன. நீ எழுதிக் கொடுத்த அதே ஆர்டர் புரோகிராம்தான். பவர் எண்களை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துபோய், 'எதிர்பாராத பிழை' என்று ஒரு பெட்டி வருகிறது. அதை அழுத்தினால் பெரும்பாலும் அடித்ததெல்லாம் போச்சு. ஒரு நாள் மூன்று முறை, அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. டாக்டர் வாசலில் போய் நின்றதும் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி, யாரையாவது கூப்பிட்டுக் காட்டினால் சமர்த்தாக ஓடுகிறது.

உன் அத்தான் என்ன சொல்கிறார் என்று கேட்பாய். "உன் தம்பி போறப்ப உள்ளே எதையாவது வச்சிட்டுப் போயிருப்பான்" என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நீ கோபமாகத்தான் போனாய். இருந்தாலும் நினைக்கவில்லை. அப்படி எதுவும் இல்லை என்று நீயே ஒரு வரி எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. முதுகும் அப்படியே, நாற்காலியும் அப்படியே. நீங்கள் இருவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி.

நான் எதையும் வைத்துவிட்டு வரவில்லை. இதை ஒரு முறைதான் எழுதுவேன். அத்தானிடம் படித்துக் காட்டு. அவருடன் எனக்குச் சண்டை உண்டு, பட்டறையுடன் கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு கம்ப்யூட்டர் விழும்போது, தான் விழுந்த கதையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். கிராஷ் லாக் என்பது அதுதான். எந்த நாள், எந்த நொடி, எந்தப் புரோகிராம், அதற்குள் எந்த இடம் என்று எல்லாம் இருக்கும். அதை எங்கே தேடுவது, எப்படி அச்செடுப்பது என்று தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன். எதையும் அழிக்காதே. உனக்குப் புரியாத எண்கள்தான் எனக்கு வேண்டியவை.

கூடவே ஒரு நோட்டுப் போடு. எந்த மேசை, என்ன நேரம், யார் உட்கார்ந்திருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று மட்டும் எழுது. யார்மேல் சந்தேகம் என்று எழுத வேண்டாம். அது தொற்றுநோய். எழுத ஆரம்பித்தால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப எழுதிவிடுவோம்.

உன் கண்ணெரிச்சல் இப்போது தேவலையா?

தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

நலம். கண்ணெரிச்சலுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "ம்" என்றார். அவரிடமிருந்து ஒரு "ம்" வருவதே பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

மூன்றாம் மேசையில்தான் அதிகம் விழுகிறது. அதனால் முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் லாக் அனுப்புகிறேன். பதினோரு தாள். நோட்டின் நகலும் இருக்கிறது.

சந்தேகத்தை எழுதாதே என்றாய். நோட்டில் எழுதவில்லை, கடிதத்தில் எழுதுகிறேன். அந்த மேசையில் டிசம்பரில் சேர்ந்த ஒருத்தி உட்காருகிறாள். நாற்பது வயது இருக்கும். முன்பு டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எந்த எண்ணை அடித்தாலும் வாய்விட்டு இரண்டு முறை சொல்லுவாள். "இடது ஒன்றரை... இடது ஒன்றரை." அதனால் எங்கள் எல்லோருக்கும் அவள் 'எதிரொலி'. அவளுக்கும் தெரியும், சிரித்துக்கொள்வாள். ஆனால் யாரோடும் ஒட்டுவதில்லை. மதிய இடைவேளையிலும் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அப்படி என்னதான் செய்கிறாள்? இதற்கு முன் பக்கத்துப் பட்டறையில் இருந்தாளாம், ஏன் விட்டாள் என்று கேட்டால் "ஒத்துவரல" என்பதோடு சரி. இவள் வந்த பிறகுதான் இதெல்லாம் ஆரம்பித்தது என்கிறார் உன் அத்தான். எனக்கும் உறுத்துகிறது.

சீக்கிரம் பார்த்துச் சொல்.

உன் அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

நலமே. பதினோரு தாளையும் இரண்டு முறை படித்தேன்.

ஒரு புரோகிராமில் தப்பு இருந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும், வாசற்படி தடுக்குவது மாதிரி. உங்கள் மூன்றாம் கம்ப்யூட்டர் இருபத்தாறு முறை விழுந்திருக்கிறது. இருபத்தாறும் வேறுவேறு இடங்கள். ஆர்டர் புரோகிராம் மட்டும் இல்லை, அச்சடிக்கும் புரோகிராம் விழுந்திருக்கிறது. யாருமே தொடாத கடிகாரம்கூட ஒரு முறை விழுந்திருக்கிறது. எனவே குற்றம் நான் எழுதியதில் இல்லை. எதிரொலி அம்மாவின் விரலிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று ஆடுகிறது.

இன்னொன்று. முதல் முறை விழுந்தது நவம்பர் 24 என்று லாக் சொல்கிறது. அவர் சேர்ந்தது டிசம்பரில் என்று நீயே எழுதியிருக்கிறாய். இதை அத்தானிடம் கட்டாயம் சொல்.

மற்ற ஐந்தின் லாக்கையும் அனுப்பு. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: நான் அங்கிருந்து வந்த பிறகு யாராவது கம்ப்யூட்டர் பெட்டிகளைத் திறந்தார்களா?

இங்கே வேலை தலைக்குமேல் கிடக்கிறது. ஆனாலும் உன் தாள்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

தம்பி


மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நாங்கள் நலம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது. ஒரு பஸ் டிரைவருக்குப் போன கண்ணாடியில் இடது கண் பவர் மாறிப்போயிருக்கிறது. இரண்டேகாலுக்குப் பதில் மூன்றேகால். நல்லவேளை, வண்டி எடுப்பதற்கு முன்பே பணிமனைப் படியில் தடுமாறி விழுந்தார். முழங்கை பிசகியதோடு போயிற்று. வண்டியோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவர் மனைவி பட்டறைக்கே வந்து கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது கம்ப்யூட்டர்களின் லாக்கை மார்ச் 25 வரை அனுப்பியிருக்கிறேன். ஒன்று, நான்கு, ஆறு ஒரு முறைகூட விழவில்லை. மூன்றாம் மேசையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். ஜன்னல் ஓரம், வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை. டிரைவர் எப்படி இருக்கிறார்?

தாள்கள் வந்தன, ஆனால் மூன்று கட்டிலும் முதல் தாள் வரவில்லை. பக்க எண் இரண்டிலிருந்து தொடங்குகிறது. போன முறை அனுப்பியபோது முதல் தாள் இருந்தது. கம்ப்யூட்டர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அந்தத் தாளில்தான். வயது என்ன, உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று. அது இல்லாமல் லாக்கைப் படிப்பது, நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

இரண்டாவது, எதிரொலி அம்மா எங்கே? நீ அவர் மேசையில் உட்கார்ந்தால் அவர் எங்கே உட்காருகிறார்?

மூன்றாவது, போன கடிதத்தில் கேட்டதுதான். பெட்டிகளை யாராவது திறந்தார்களா?

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

நலம். டிரைவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பிரிண்டரில் மை தீர்ந்து முதல் தாள் சரியாக விழவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். இதற்கெல்லாம் விசாரணைக் கமிஷன் வைப்பாயா?

எதிரொலியை மார்ச் 17ஆம் தேதி அனுப்பிவிட்டார்கள். உன் அத்தான் முடிவு. டிரைவர் விஷயம் நடந்த மறுநாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மூணேகால்னு நீதான அடிச்ச?"

"இல்லைங்க. ரெண்டேகால்னுதான் அடிச்சேன். நடுவுல திரை நின்னுபோச்சு. திரும்ப வந்தப்போ பாதி ஆர்டர் அப்படியே இருந்துச்சு."

"எப்பவும் உன் மிஷின் மட்டும் ஏன் நிக்குது? நீ ஏதோ பண்ற. யார் சொல்லிப் பண்ற? பக்கத்துப் பட்டறைக்காரனா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? பட்டறை அவருடையது. நவம்பர் 24 என்று நீ எழுதியதைச் சொல்ல அப்போது நேரமில்லை. அவளை வேலைக்கு எடுக்காதீர்கள் என்று பக்கத்துப் பட்டறையிலும் சொல்லிவைத்திருக்கிறார் என்று கேள்வி.

நீ நம்ப மாட்டாய். இப்போது பத்து நாளாக ஒரு கம்ப்யூட்டர்கூட விழவில்லை. "பாத்தியா, ஆள் போனதும் நோய் போச்சு" என்கிறார் உன் அத்தான். இத்தோடு இந்தப் பேச்சை விட்டுவிடலாம். உனக்கும் சிரமம்.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நலம். விடமாட்டேன்.

நீ அனுப்பிய தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் போனது மார்ச் 17. அதன்பின் எட்டு நாளில் மூன்று கம்ப்யூட்டர்களும் சேர்ந்து பதினான்கு முறை விழுந்திருக்கின்றன. மூன்றாம் மேசையில் உன் பெயரில் லாகின் செய்திருந்தபோதே ஐந்து முறை. நீ எழுதவில்லை, லாக் எழுதியிருக்கிறது. ஆக, அவர் போனதால் நோய் போகவில்லை. அது நின்றது ஏப்ரல் நடுவில். அதாவது, பெட்டியைத் திறந்தது யார் என்று நான் இரண்டாம் முறை கேட்ட கடிதம் வந்து சேர்ந்த பிறகு.

என் கடிதத்தைப் படிப்பவர்கள் அந்த வீட்டில் இருவர்தான்.

முதலில் வந்த பதினோரு தாளில் ஒரு முதல் தாள் இருந்தது என்றேன் அல்லவா? அதில் மெமரி ஆறு ஜி.பி. என்று இருந்தது. நான் விட்டுவந்தபோது ஆறு கம்ப்யூட்டரிலும் நான்குதான். யாரோ பழைய மெமரிப் பட்டையைக் கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள். அது கெட்ட பட்டையாக இருந்தால், அதில் போய் உட்காரும் எந்த எண்ணும் மாறலாம், எந்தப் புரோகிராமும் விழலாம். இரண்டேகால் மூன்றேகால் ஆனதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இப்போது யாரோ அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

இது அத்தான் வேலை என்றுதான் நினைக்கிறேன். அவரைக் காப்பாற்ற நீ முதல் தாளைக் கிழித்திருக்கிறாய். ஒரு பெண் பழியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மாத முடிவுவரை உன் பதிலுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் அத்தானுக்கே நேராக எழுதுவேன்.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அத்தானுக்கு எதுவும் தெரியாது. திறந்தது நான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டறை பூட்டியிருந்தது. கம்ப்யூட்டர்கள் ஆமை மாதிரி நகர்கின்றன என்று ஒரு மாதமாக அவர் கத்திக்கொண்டிருந்தார். மாடிப்படிக்கு அடியில் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று கிடந்தன. வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே அவற்றிலிருந்து சீப்பு மாதிரி இருக்கும் அந்தப் பச்சைப் பட்டைகளைக் கழற்றி, தூசி ஊதி, இரண்டு, மூன்று, ஐந்தில் செருகினேன். சரியாகப் பொருந்தின. கிளிக் என்ற சத்தம் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மறுநாள் அவர் அசந்துபோனார். "என்னடி பண்ணின, பறக்குது!" எல்லோர் முன்னாலும் சொன்னார், "இனிமே கம்ப்யூட்டர் விஷயம் எல்லாம் இவ பொறுப்பு. யாரும் என்கிட்ட வராதீங்க." கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நாலு பேர் முன்னால் அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றுதான். அது என் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

முதலில் உன்மேல் சந்தேகம் வரட்டும் என்று விட்டேன். நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு வலிக்காது என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தார்களா என்று நீ மார்ச்சில் கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. பட்டைகளை உடனே எடுத்திருந்தால் டிரைவர் விழுந்திருக்க மாட்டார். ஆனால் எடுத்தால் வேகம் குறையும், ஏன் என்று கேட்பார். எடுக்கவில்லை. நீ மறுபடி கேட்டு எழுதிய பிறகுதான் ஏப்ரலில் பிடுங்கினேன்.

இன்னும் ஒன்று. அந்த டிரைவரின் ஆர்டரை எதிரொலி அம்மா அடித்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். "இடது ரெண்டேகால்... இடது ரெண்டேகால்." என் காதால் கேட்டேன். அத்தான் கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார் என்று எழுதினேன் அல்லவா? அதற்குத்தான் பார்த்தார்.

இனி நீ என்ன எழுதினாலும் சரி.

அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

திட்டத்தான் உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது. நானும் ஆறு வருஷக் கோபத்தை வைத்துக்கொண்டு, தாளில் இல்லாத ஒன்றை அத்தான் தலையில் கட்டினேன். சந்தேகத்தை எழுதாதே என்று உனக்குப் பெரிதாக உபதேசம் பண்ணியவன் நான். அவருக்குத் தனியே எழுதி மன்னிப்புக் கேட்பேன். ஆனால் நீ சொன்ன பிறகுதான்.

என்னிடம் சொன்னது பெரிதில்லை, அக்கா. நான் தூரத்தில் இருக்கிறேன். நீ சொல்ல வேண்டிய இரண்டு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள்.

நவம்பரிலேயே நீ எனக்கு எழுத ஆரம்பித்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். அதைச் செருகும் முன் ஒரு போன் செய்திருந்தால்கூட... சண்டை போட்டிருப்போம். போட்டால் என்ன?

தைரியமாக இரு.

தம்பி


ஜூன் 26

அன்புத் தம்பிக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

முதலில் உன் அத்தானிடம் சொன்னேன். சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். பழைய பட்டைகளை எடுத்து மேசையில் வைத்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "சரி விடு. மிஷின் ஓடுது, அவ போயாச்சு. இப்ப எதுக்குக் கிளறணும்?" என்றார்.

"அவங்க போகல. நாம அனுப்பினோம்" என்றேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எதிரொலி அம்மாவை நானே தேடிப் போனேன். ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டார். அழுவார், இல்லை கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். இரண்டும் இல்லை.

"இதை எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் எதுவும் பண்ணலன்னு எனக்கு முன்னாடியே தெரியுமே. யார் முன்னாடி என்னைக் கேட்டாங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்."

மறுநாள் காலை வந்தார். லென்ஸ் தீட்டும் இரண்டு பேர், பார்சல் கட்டுபவர், மேசைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். பக்கத்துப் பட்டறை முதலாளியையும் அழைத்துவந்து நிற்க வைத்தேன். உன் அத்தான் கடைசல் இயந்திரத்தில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் செருகியது, தெரிந்தும் எடுக்காதது, இரண்டேகால் என்று காதால் கேட்டது, முதல் தாளைக் கிழித்தது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் தேதிகள் குழம்பிவிட்டன. யாரும் உதவிக்கு வரவில்லை. அது சரிதான்.

முடித்ததும் உன் அத்தான் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "நான் விசாரிக்காம பேசிட்டேன். தப்பு என் மேலயும்தான். திரும்ப வாங்கம்மா" என்றார். அவர் யாரையும் வாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மா வரவில்லை என்றார். பக்கத்துப் பட்டறைக்காரர், "நம்மகிட்ட திங்கக்கிழமையிலிருந்து வாங்க" என்றார். அவரிடம் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

டிரைவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் மனைவி இந்த முறை பேசினார். நன்றாகவே பேசினார். வாங்கிக்கொண்டேன்.

அன்று எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு அந்த அம்மாவை வாசல்வரை கொண்டுவிடப் போனேன். மன்னிச்சிடுங்க என்று தனியாக ஒரு முறை சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"வேலையிலிருந்து அனுப்பினதைக்கூட மறந்துடுவேன்மா. வாய மூடிக்கிட்டு இருந்ததும் பரவாயில்ல, பயம் எல்லாருக்கும் இருக்கும். ஆனா அன்னிக்கு நான் அழுதுக்கிட்டு நின்னப்போ, எல்லாம் தெரிஞ்சே ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து குடுத்து என் முதுகைத் தடவினீங்களே. அதுதான் போக மாட்டேங்குது."

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

உன் அக்கா